அரை சென்டிமீட்டர்

அம்பத்தூர் எஸ்டேட்டில் பதினாறு வருடமாகத்
தையலில் குறை பார்ப்பது என் வேலை.
ஒரு நாளைக்கு நானூறு சட்டை.
காலர் முனை, பொத்தான் துளை, பக்கத் தையல்.
அரை சென்டிமீட்டர் வரை மன்னிக்கலாம் என்று
வெளிநாட்டுக் கம்பெனி எழுதிக் கொடுத்திருக்கிறது.
அதற்கு மேல் போனால்
சிவப்பு அம்பு ஸ்டிக்கர்.

என் வயிற்றில்
இடது ஓரம் வலதைவிட
ஒன்றரை சென்டிமீட்டர் ஏறியிருக்கிறது.
அளந்தேன்,
வேலைக்கு எடுத்துப் போகும் அதே டேப்பால்,
குளியலறைத் தாழ்ப்பாளை இரண்டு தடவை பார்த்துவிட்டு.

வலது இடுப்பெலும்பின் மேல்
தையல் முடிகிற இடத்தில்
சமோசா முனை மாதிரி
தோல் கொசுவி நிற்கிறது.
எங்கள் லைனில் புதுப்பெண்கள்
மிஞ்சின துணியை அவசரமாக இழுத்து முடித்தால்
இப்படித்தான் வரும்.
பிரித்துத் தை என்பேன்.
துணி என்றால் பிரிக்கலாம்.

அண்ணா நகர் கிளினிக்கில்
ஆறு மாதம் பொறுங்கள் என்றார் டாக்டர் நிவேதன்,
வீக்கம் வடியட்டும்.
இது எட்டாவது மாதம்.
தொப்புள் நடுவில் இல்லையே டாக்டர் என்றதற்கு
"அது உங்க பழைய தொப்புள்தாம்மா,
ஜன்னல் மட்டும்தான் புதுசு" என்று சிரித்தார்.
நானும் சிரித்துவிட்டேன்.
பாடி பாலம் தாண்டும்போதுதான்
எதற்குச் சிரித்தேன் என்று கோபம் வந்தது.

சீட்டுப் பணம் இரண்டு லட்சம்.
கம்பெனியில் ஹெர்னியா என்று சொல்லியிருந்தேன்.
ரோஸ்லின் ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் வாங்கி வந்தாள்.
நோயாளிக்கு வந்த ஆரஞ்சை
நோயில்லாமல் உரித்துத் தின்றேன்,
கரண்ட் போன சித்திரை மதியத்தில்,
மார்பிலிருந்து தொடைவரை இறுக்கும் பெல்ட்டுக்குள்.

தொப்புளுக்குக் கீழே நான்கு விரற்கடை
இன்னும் யாரோ ஒருவருடையது.
அரிக்கும்; சொறிந்தால் தெரியாது.
சமையல் மேடைத் தண்ணீர்
நைட்டியில் ஊறி வயிறு நனைந்திருந்ததைத்
தாரிணி சொல்லித்தான் பார்த்தேன்.

ஆயிரத்து நூறு கிராம் எடுத்தோம் என்றாள் நர்ஸ்,
மீன்காரி எடை சொல்வதைப் போல.
எங்கே போட்டீர்கள் என்றேன்.
"மஞ்சள் கவர்லக்கா. வண்டி வந்து எடுத்துட்டுப் போயிடும்."
இரட்டைப் பிள்ளைகள் எட்டரை மாதம்
உதைத்து உதைத்து வெடிக்க வைத்த தோல்.
அதன்மேல் பாசம் இருந்ததென்று பொய் சொல்ல மாட்டேன்.
அதைப் பார்த்துத்தான் பஸ்ஸில் ஒரு பையன் எழுந்து இடம் கொடுத்தான்,
"எத்தனாவது மாசம்க்கா?"
எனக்கு அப்போது நாற்பத்து நாலு வயது.
இப்போது யாரும் எழுவதில்லை.
அதற்குத்தானே செய்தேன் என்று
கம்பியைப் பிடித்தபடி சொல்லிப் பார்க்கிறேன்.

"நல்லா இளைச்சிட்ட மங்கை" என்கிறார்கள் எல்லோரும்.
நல்லாத்தான் இருக்கு என்கிறார் அவரும்
விளக்கணைத்த பிறகு.
நான் குறை சொல்ல வாயெடுத்தால்
யார் உன்னைப் பண்ணிக்கொள்ளச் சொன்னது என்ற கேள்வி
ஒருவரும் கேட்காமலே
கூடத்தில் உட்கார்ந்திருக்கிறது
கால்மேல் கால் போட்டுக்கொண்டு.

மறுபடி சரிசெய்யலாமாம்.
டாக்டர் பீஸ் வேண்டாமாம்,
மயக்க மருந்துக்கும் தியேட்டருக்கும் மட்டும்
நாற்பத்தைந்தாயிரம்.
அந்தத் தாள் கைப்பையில் மூன்று வாரமாக
மடிப்பில் கிழியத் தொடங்கியிருக்கிறது.

நேற்று ஒரு சட்டை.
பக்கத் தையல் சரியாக ஒன்றரை ஏறியிருந்தது.
ஸ்டிக்கரை உரித்து
விரல் நுனியில் வைத்துக்கொண்டே
டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தேன்.
மற்றபடி நல்ல தையல்.
எவளோ பொறுமையாகத்தான் தைத்திருக்கிறாள்.
ஒட்டினேன்.
மன்னிக்க எனக்கு அதிகாரம் இல்லை.

ஒதுக்கின சட்டைகளை
மாதக் கடைசியில் கேட் வாசலில் குவித்து
நூறு ரூபாய்க்கு விற்பார்கள்.
ஆட்டோக்காரர்கள் வாங்குவார்கள், காலேஜ் பையன்கள் வாங்குவார்கள்,
அங்கேயே மாட்டிக்கொண்டு போகிறவர்களும் உண்டு.
ஒருவரும் அளப்பதில்லை.
நான்தான்
நெரிசலில் முன்னால் நிற்பவரின் விலாத் தையலைக்
கண்ணாலேயே அளந்தபடி
பாடி வரைக்கும் நின்றுகொண்டு போகிறேன்.